நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அனுபவவழிக் கற்றல் நடைமுறைக்கு ஒத்துவருமா?

கேள்வி கேட்டவர் இப்போதுதான் பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். பயிற்சியில் சொன்னதற்கும் வகுப்பில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லையே என்ற அலுப்பு கேள்வியிலேயே தெரிகிறது. ஒத்துவரும். ஆனால் பிள்ளைகள் கையை வைத்து எதையாவது செய்துவிட்டாலே கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நம்பினால் ஒத்துவராது.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒரு ஜூலை மாதம் ஏழாம் வகுப்பை நிழல் அளக்க வெளியே கூட்டிப்போனேன். ஒரு மீட்டருக்கு வெட்டிய மாப் குச்சி, அதை நிமிர்த்தி நிறுத்த மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா, சாக்பீஸ், இவ்வளவுதான் சாமான். ஆறேழு பேருக்கு ஒரு குச்சி. கிளம்புவதற்கு முன் நோட்டில் இரண்டு விஷயம் எழுத வேண்டும்: நிழல் எத்தனை மணிக்கு மிகக் குட்டையாகும், அப்போது எந்தப் பக்கம் விழும். எழுதாதவருக்கு வெளியே அனுமதி இல்லை. நேரம் 12 மணி என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. திசைக்குப் பாதிப் பேர் 'காலடியிலேயே' என்றும் மீதிப் பேர் 'வடக்கு' என்றும் எழுதினார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்தார்கள். 12 ஆனது. நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டே இருந்தது. 12.10க்கும் அப்படித்தான். சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது, ஒருத்தனும் நகரவில்லை. வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண், "டீச்சர், ஸ்கூல் கடிகாரம் ஃபாஸ்டா ஓடுது" என்றாள். என் செல்போனை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதே நேரம். 12.25 வாக்கில்தான் நிழல் மிகக் குட்டையானது. ஒரு சாணுக்கும் குறைவு. விழுந்த பக்கம் தெற்கு! சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும் என்று அதுவரை அவர்களில் யாரும் யோசித்ததே இல்லை.

இதோடு மணியடித்துச் சாப்பிடப் போயிருந்தால் வெயில் காய்ந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் அறிவியல் பாடவேளை முழுவதும் பேச்சுதான். எழுதியது ஏன் பொய்த்தது? நான் ஒரே ஒரு தகவல் கொடுத்தேன்: இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது, நம் ஊர் கிட்டத்தட்ட 78 பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்பது அவர்களே கணக்குப் போட்டு வந்தது (24 மணி நேரம், 360 பாகை). அப்போ 18 நிமிடம் தாமதம். மிச்சம் ஆறேழு நிமிடம் எங்கே போனது என்று அந்தப் பெண் விடவில்லை. பூமி நீள்வட்டத்தில், அதுவும் சாய்ந்தபடி சுற்றுவதால் வரும் வித்தியாசம் அது என்று மட்டும் சொல்லிவைத்தேன். இன்னொருவன் சென்னையிலுள்ள அத்தை மகனை ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் குச்சி நடவைத்தான். அங்கே 12.15 வாக்கிலேயே நிழல் திரும்பிவிட்டதாம். கிழக்கே இருக்கும் ஊரில் முன்னால் வரத்தானே வேண்டும்! இதற்கிடையில் எங்கள் தமிழ் ஆசிரியை, நெடுநல்வாடையில் இரண்டு கோல் நட்டு நடுப்பகல் நிழல் பார்த்துக் கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்த சேதியைச் சொல்லப்போக, ஒரு பாடவேளை அவரிடம் போய்விட்டது. போகட்டும்.

உங்கள் நாற்பது பேர் கவலைக்கு வருகிறேன். கும்பல் பிரச்சினையே இல்லை, கை சும்மா இருப்பதுதான் பிரச்சினை. குழுவில் ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் புள்ளி வைக்கட்டும், ஒருவர் அளக்கட்டும், ஒருவர் எழுதட்டும். மீதிப் பேர் பக்கத்துக் குழுவின் அளவைப் போய்ச் சரிபார்க்கட்டும். சண்டை வரும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும். உச்சி நேரத்தில் நிழலின் நீளம் மெதுவாகத்தான் மாறும், ஒரு குழு 12.20 என்றும் இன்னொன்று 12.30 என்றும் சொல்லும். திருத்தாதீர்கள், அளவையில் பிழை என்றால் என்ன என்று விளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இப்போது சிலர் வருவார்கள், 'வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாமா?' என்று. வேண்டும். நான் வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தினால் ஆண்டுக்குள் முடியாது என்பதும் தெரியும். அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் பற்றிக் கமெண்ட் போடப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கி, 2007-08ல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படி, பாட அட்டைகள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, வேலைப்பாடுகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம் என்ற அடிப்படை ரொம்ப நல்லது. ஆனால் பார்வைக்கு வருபவர்கள் பந்தலில் எத்தனை தாள் தொங்குகிறது என்றுதான் எண்ணுவார்கள். இப்போது அந்த இடத்துக்கு போட்டோ வந்திருக்கிறது. பிள்ளைகள் வாதாடுவதை எப்படி போட்டோ எடுத்து அனுப்புவது?

சொந்த வயிற்றெரிச்சல் ஒன்றும் இருக்கிறது. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் 'செய்து கற்றல்' என்று மாதம் ஒரு ப்ராஜெக்ட். பள்ளி வாசலுக்கு எதிரிலேயே ஃபேன்சி ஸ்டோர், தெர்மாக்கோல் எரிமலை ரெடிமேடாகவே கிடைக்கும். இரவு பதினொரு மணிக்கு ஃபெவிகால் ஒட்டிக்கொண்டிருப்பது நானும் என் வீட்டுக்காரரும். மகள் தூங்கிவிடுவாள். எரிமலைக்கு மதிப்பெண் பத்துக்குப் பத்து!

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் நிழலிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு முறை உச்சிவேளையில் நிழல் சுத்தமாக மறையும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில், மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் நடுவில். ஏப்ரலில் தேர்வு என்று யாரும் விடமாட்டார்கள். திரும்பி வருவது சென்னைக்கு ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, தெற்கே போகப்போகத் தள்ளிப்போய் கன்னியாகுமரிக்கு செப்டம்பர் தொடக்கம். மேகம் மட்டும் கருணை காட்ட வேண்டும். உங்கள் ஊரைக் கருத்துப் பெட்டியில் போட்டால் தேதி கணக்கிட்டுச் சொல்கிறேன்.