கார்ட்லெஸ் மெஷின் எடுக்கும் முன்: கட்டட வேலைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை, எலெக்ட்ரீஷியன்): அண்ணே, இதுவரை வயர் மெஷின்தான் வைத்திருக்கிறேன். முதல் கார்ட்லெஸ் (பேட்டரியில் ஓடும் மெஷின்) எடுக்க வேண்டும். ஃபேன் ஹூக், கிளாம்ப், டிபி பாக்ஸ் (கரண்ட் லைன் பிரிக்கும் பெட்டி), இதுதான் வேலை. ஹேமர் டிரில் போதுமா, ரோட்டரி ஹேமர் எடுக்கணுமா?

பதில்: செங்கல் சுவர் மட்டும் என்றால் ஹேமர் டிரில் போதும் தம்பி. நீங்கள் கான்கிரீட் தளத்திலும் பீமிலும் ஓட்டை போடுகிற ஆள். அப்படியானால் எஸ்டிஎஸ் பிளஸ் (துளையிடும் பிட்டை அப்படியே செருகிப் பூட்டும் வகை) ரோட்டரி ஹேமரே எடுங்கள்.

ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசிக் குதிக்கின்றன. அந்த அடிக்கு வலு உங்கள் தோளிலிருந்துதான் வர வேண்டும். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று உள்ளே இருக்கும் சுத்தியலைத் தள்ளி பிட்டின் பின்பக்கம் அடிக்க வைக்கிறது. நீங்கள் மெஷினைப் பிடித்து நிறுத்தினால் போதும், ஏறி அழுத்தினால் வேகம்தான் குறையும். ஏணியில் நின்று தலைக்கு மேல் நாள் முழுக்க ஓட்டை போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் சாயங்காலம் தோள்பட்டையில் தெரியும்.

டப்பாவில் ஜூல் கணக்கை, அதாவது ஒரு அடியின் வலுவைப் பாருங்கள். 6, 8, 10 மி.மீ. ஓட்டைகளுக்கு 2 ஜூல் ஒட்டிய மெஷின் தாராளம். அதற்கு மேல் போனால் எடையும் கூடும். மிச்சமாகும் காசில் நாலு வெட்டு கார்பைடு முனை உள்ள பிட் வாங்குங்கள். இரண்டு வெட்டு பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பட்டால் சட்டென்று சிக்கி மணிக்கட்டைத் திருகும். நாலு வெட்டு அவ்வளவு எளிதாகச் சிக்காது. எந்த பிட்டாக இருந்தாலும், கம்பி தட்டினால் இடத்தை மாற்றுங்கள். பீமில் கம்பியை அறுத்து ஓட்டை போடவே கூடாது.

கேள்வி (சேலம், ஃபால்ஸ் சீலிங்): கடையில் 48 வோல்ட், 88 வோல்ட் என்று போட்ட மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெரிய பிராண்டு 18 வோல்ட்தானே? அதைவிட இதில் பவர் அதிகமா?

பதில்: இல்லை. கையில் மல்டிமீட்டர் இருந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில் வையுங்கள். 88 என்று ஒட்டியிருப்பதிலும் பெரும்பாலும் 20, 21 வோல்ட்தான் காட்டும்.

காரணம் இதுதான். லித்தியம் செல் ஒன்றுக்குச் சராசரி 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும், அப்போது 21. அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று டிவால்ட் விற்பதும் ஐரோப்பாவில் '18 வோல்ட்' என்று விற்பதும் இதே ஐந்து செல் வரிசைதான். அதில் ஏமாற்று இல்லை, அளக்கும் இடம் வேறு. ஆனால் 48, 88 என்பதற்கு எந்த அளவும் பின்னால் கிடையாது, வெறும் ஸ்டிக்கர். வோல்ட் நிஜமாகவே கூட வேண்டும் என்றால் செல்லும் கூட வேண்டும். மக்கிட்டாவின் 40 வோல்ட் மேக்ஸ் பேட்டரியில் பத்து செல் வரிசை இருக்கிறது. எடையும் விலையும் அதற்கேற்ப ஏறுகின்றன.

அப்புறம் ஆம்பியர் அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. இதையும் தராசில் பிடிக்கலாம். பழைய அளவு 18650 செல்லில் 5 ஆம்பியர் அவர் தர வேண்டுமென்றால் பத்து செல் வேண்டும். செல் மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். புதிய 21700 செல் என்றால் ஐந்து போதும், அதுவும் செல் மட்டும் சுமார் 350 கிராம். ஆக, '5 ஆம்பியர் அவர்' என்று போட்ட பேட்டரி மொத்தமாகவே 400 கிராமுக்குக் கீழ் என்றால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். பிராண்டு பெயரில் வரும் போலி பேட்டரிக்கும் இதே சோதனைதான். மலிவு பேட்டரிகள் பலவற்றில் சூடு பார்க்கும் சென்சாரும் இருக்காது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் சைட் ரூமில் அது உயிர் விஷயம்.

கேள்வி (திருநெல்வேலி, டைல்ஸ் வேலை): நாலு இஞ்ச் கிரைண்டரும் கட்டரும் கார்ட்லெஸ் எடுத்தால் ஒரு நாள் ஓட்டலாமா சார்?

பதில்: கணக்கு போட்டுப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 72 வாட் அவர், அதாவது 72 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓடும். கிரைண்டர் நன்றாக வெட்டும்போது 700 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு நிமிடம். ஓரம் சரிசெய்ய, ஒரு பைப்பை அறுக்க, கரண்ட் இல்லாத மாடியில் வேலை முடிக்க அது போதும். அறை முழுக்க கிரானைட் வெட்டுவது, பைப்புக்குச் சுவரில் காடி எடுப்பது, சிமெண்ட் கலவை கலக்குவது எல்லாம் வயர் மெஷினுக்கு உரிய வேலை. தண்ணீர் ஊற்றி வெட்டும்போது வயர் மெஷினை ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள், அதில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டாதீர்கள். மரத்தில் பல் மாட்டினால் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும், அதை எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. தண்ணீர் இல்லாமல் வெட்டினால் என்95 மாஸ்க் போடுங்கள். சிலிக்கா தூள் நுரையீரலில் ஏறினால் இறங்காது.

கேள்வி (கோயம்புத்தூர், இன்டீரியர் கான்ட்ராக்டர்): என்னிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிராண்டு கேட்கிறார்கள். நான் எப்படி முடிவெடுப்பது?

பதில்: மேடம், நீங்கள் தேர்ந்தெடுப்பது பேட்டரியை. மெஷின் அதற்குப் பின்னால் வரும். ஒரு பிராண்டின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் ஏறாது. பாஷிலேயே தொழிலுக்கான நீல நிற வரிசையின் 18 வோல்ட்டும், வீட்டு உபயோகப் பச்சை வரிசையின் 18 வோல்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நாலு பேரும் ஒரே பேட்டரிக்கு வந்துவிட்டால், அடுத்த மெஷினை பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கலாம். செலவு நன்றாகவே குறையும்.

எந்த பிராண்டு? மக்கிட்டா, பாஷ் நீலம், டிவால்ட் மூன்றிலும் நல்ல மெஷின் இருக்கிறது. நான் பார்ப்பது சர்வீஸ் சென்டரை. முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஊர் சென்டருக்கு ஒரு முறை நேரில் போங்கள். சுவிட்ச், சக், ஆர்மெச்சர் கைவசம் இருக்கிறதா, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று கேளுங்கள். அங்கே காத்திருக்கும் மேஸ்திரிகளிடமும் பேசுங்கள், அவர்கள் சொல்வது விளம்பரத்தில் வராது. ஜிஎஸ்டி பில் கட்டாயம், பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது.

கேள்வி (ஈரோடு, பிளம்பர்): பிரஷ்லெஸ்ஸுக்கு (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாருக்கு) கூடுதல் காசு தரலாமா?

பதில்: தினமும் ஓட்டினால் தரலாம். கார்பன் தேயாது, சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் ஓட்டை. வாரத்தில் ஒரு நாள் எடுப்பவருக்குச் சாதா மோட்டார் போதும். கார்பன் மாற்றுவது சில்லறைச் செலவு, பிரஷ்லெஸ்ஸில் போர்டு போனால் அப்படியில்லை.

கேள்வி (நாகர்கோவில், தச்சர்): இம்பாக்ட் டிரைவர் எடுத்தேன். கீல் மாட்டும்போது ஸ்க்ரூ தலை உடைகிறது, பிளைவுட்டில் பிடி போய்விடுகிறது.

பதில்: மெஷினில் குறை இல்லை ஆசாரி. இம்பாக்ட் டிரைவர் தட்டித் தட்டி முறுக்கும், நீள ஸ்க்ரூவுக்கும் கனமான சட்டத்துக்கும் ஆனது. கீல், சேனல், கைப்பிடிக்கு கிளட்ச் வளையம் (எவ்வளவு முறுக்கியதும் விட வேண்டும் என்று எண் வைக்கும் வளையம்) உள்ள டிரில் டிரைவர் வேண்டும். குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்கி, ஸ்க்ரூ தலை பலகையோடு சமமாகும்போது 'டக் டக்' என்று விடும் எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டி வேலைக்கு 12 வோல்ட் மெஷினே போதும். அலமாரிக்குள் கையை விட்டு வேலை செய்யவும் அதுதான் வசதி.

கேள்வி (வேலூர், அலுமினிய ஃபேப்ரிகேஷன்): சித்திரை வெயிலில் பேட்டரியைப் போட்டால் சார்ஜர் சிவப்பு லைட் காட்டி நிற்கிறது. பேட்டரி போச்சா?

பதில்: போகவில்லை. சூடு அதிகமென்று சார்ஜர் காத்திருக்கிறது, நல்ல சார்ஜர் அப்படித்தான் செய்யும். நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். தண்ணீரிலோ ஃபிரிட்ஜிலோ வைக்காதீர்கள். வண்டிப் பெட்டியில் மதிய வெயிலில் கிடக்கவிடாதீர்கள், பேட்டரி ஆயுளைத் தின்பது அதுதான். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். மெஷினைக் கொண்டுபோகலாமா அண்ணே?

பதில்: மெஷின் செக்-இன் பெட்டியில், கழற்றிய பேட்டரி கைப்பையில். தனி பேட்டரி செக்-இன்னில் போகக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். 100 வாட் அவர் வரை அனுமதி உண்டு, 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர் என்றால் 90தான். 6 ஆம்பியர் அவர் 108 ஆகிவிடும், அதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே வாங்க வேண்டும். பேட்டரியில் அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள், அதனால் லேபிள் தெளிவாக உள்ளதையே எடுங்கள். அங்கேயும் கரண்ட் 230 வோல்ட்தான், உங்கள் சார்ஜர் ஓடும். மூன்று செவ்வகப் பின் உள்ள அடாப்டர் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.