அம்மா டொராண்டோவுக்கு வந்து சோர்ந்தே கெடக்கறாங்க: வயசா, மனசா?

தம்பி, கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) சூப்பர் விசாவுல, அதாவது கனடாவுல இருக்கற பிள்ளைங்ககூட பெத்தவங்க நெடுநாள் தங்கற விசாவுல, வந்த 68 வயசு அம்மா "கால் கொடையுது, தூக்கமில்ல"ன்னு மட்டும் சொல்றாங்க, இது முதுமையா மனச்சோர்வான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல ரத்தப் பரிசோதனை: தைராய்டு, பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், சர்க்கரை. சைவக்காரங்களுக்கு பி12 குறைஞ்சாலே கால் மதமதப்பு, மறதி, அசதி எல்லாம் வரலாம். காதையும் பாருங்க. காது மந்தமானவங்க பேச்சைக் குறைச்சுக்குவாங்க, வீட்டுல அதைக் கோவம்னு எடுத்துக்குவாங்க. சூப்பர் விசாவுக்கு எடுக்கற 1,00,000 டாலர் காப்பீடு பெரும்பாலும் அவசரத்துக்குத்தான், இதுக்கெல்லாம் கைக்காசு போகும்.

டாக்டர்கிட்ட நீங்களே மொழிபெயர்க்காதீங்க. மகன் முன்னாடி வெசனத்தைச் சொன்னா மருமக மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்னு "ஒண்ணுமில்லீங்க"ன்னு முடிச்சிருவாங்க. தமிழ் தெரிஞ்ச வெளியாளைக் கேளுங்க. மனச்சோர்வு இருக்குதான்னு பாக்க முதியோருக்கான 15 கேள்வித் தாள் ஒண்ணு உண்டு, போன ஒரு வாரத்தைப் பத்தி ஆமா, இல்லன்னு பதில். 5-க்கு மேல போனா மேற்கொண்டு பாக்கணும். ஆனா "வெளிய போறதை விட வீட்டுலயே இருக்கப் பிடிக்குதா"ன்னு ஒரு கேள்வி இருக்குது. டிசம்பர் பனியில எந்த ஊர்க்காரம்மாவும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. அதனால மதிப்பெண்ணை மட்டும் நம்பாம பசி, தூக்கம், ஆசையா செஞ்ச வேலையில நாட்டம் ரெண்டு வாரமா கொறஞ்சிருக்குதான்னு பாருங்க. உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு சொன்னா தள்ளிப் போடாதீங்க, தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-க்குக் கூப்பிடுங்க. அங்க இங்கிலீசும் பிரெஞ்சும்தான், அதனால நீங்களே பேசணும்.

இனி மனசு. ஊர்ல விடியக்காலம் பாலை அளந்து சொசைட்டிக்கு அனுப்பி, ஆள்காரங்களுக்குக் கூலி குடுத்து, எந்தக் கன்னை விக்கறதுன்னு முடிவு பண்ணினவங்க. நம்ம பக்கம் வயசுக்கு மரியாதைங்கறதே வந்து யோசனை கேக்கறதுதான். இங்க நீங்க பாசமா "சும்மா உக்காருங்கம்மா"ங்கறீங்க, அவங்களுக்கு அது வேலையை விட்டு நிறுத்தின மாதிரி. இந்த ஊர்ப் பெரியவங்களுக்குத் தனியா கார் ஓட்டறதும் தனி வீடும் பெருமை. அதையே "நீங்களும் தனியாப் பழகிக்குங்க"ன்னு சொன்னா நம்ம அம்மாவுக்குக் கைவிட்ட மாதிரிப் படும். அமெரிக்காவுல ஓஹையோவின் ஒரு சின்ன ஊர்ல, 50 வயசு தாண்டின 660 பேரை வெச்சு பெக்கா லெவிங்கற ஆராய்ச்சியாளர் 2002-ல வெளியிட்ட ஆய்வுல, தன் முதுமையை நல்லபடியா நினைச்சவங்க சராசரி ஏழரை வருசம் கூட வாழ்ந்தாங்க. அந்த நல்ல நினைப்பு எதுலிருந்து வருதுங்கறது ஊருக்கு ஊர் வேற.

அதனால ஒரு பொறுப்பை முழுசா, பணத்தோட குடுங்க. வாரக் காய்கறிக் காசு அவங்க கையில, என்ன வாங்கறதுங்கறது அவங்க முடிவு. வாங்கினப்புறம் நொட்டை சொல்லாதீங்க. நாள் முழுக்கப் பேரனைப் பாக்க விடறது இதுல சேராது. அது அதிகாரமில்லாத வேலை, இடுப்புவலியும் மனத்தாங்கலும்தான் மிச்சம்.

குளிர்காலத்துல இங்க காலை 8.30-ன்னா ஊர்ல ராத்திரி 7. பால் ஊத்திட்டு வந்திருக்கற நேரம். கதவைச் சாத்தி அவங்களைத் தனியாப் பேச விடுங்க, ஸ்பீக்கர் வேண்டாம். தோட்டத்துல என்ன வெதைக்கலாம்னு ஊர்ல இருக்கற அண்ணனை அவங்ககிட்டக் கேக்கச் சொல்லுங்க. பொழுது நாலே முக்காலுக்கே விழுந்துரும், வெயில் இருக்கற மத்தியானத்துல கூட்டிப் போங்க. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கோ ஸ்கார்பரோவுல ஈழத்துப் பெரியவங்க கூடற எடத்துக்கோ போகலாம். ஈழத்துப் பேச்சு பிடிபடக் கொஞ்ச நாளாகும், பயப்பட வேண்டாம்.

திரும்பற தேதியை இப்பவே சொல்லிருங்க. விசா அஞ்சு வருசம் இருக்க விடுதுங்கறதுக்காக இருத்தி வெக்காதீங்க. பங்குனியில பண்ணாரியம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதித் திருவிழா) முன்னாடி ஊருக்குப் போகணும்னா அதுக்குத் தக்கன டிக்கெட் போட்டு அவங்க கையிலயே குடுங்க. அடுத்த தடவை வர்றப்ப ஒண்ணு: பழைய நோய்க்கு, கெளம்பறதுக்கு முன்னாடி 90 நாளோ 180 நாளோ மருந்து மாறாம இருக்கணும்னு பல காப்பீட்டுப் பாலிசியில நிபந்தனை இருக்கும். கெளம்பற வாரத்துல பிரஷர் மாத்திரையைக் கூட்டினாலே கிளெய்ம் சிக்கிக்கும்.