டெலிவரி எடுத்த வாரமே மின்சாரக் காரில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகலாமா? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

தாராளமாகப் போகலாம். ‘புது வண்டி, அதுவும் கரண்ட் வண்டி, நடுவழியில் நின்றால் என்ன செய்வாய்’ என்று உங்கள் வீட்டில் யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவது எங்கள் பக்கத்தில் யாரும் தவறவிடாத வழக்கம். என் கார் கைக்கு வந்ததோ உத்திரத்துக்குச் சற்று முன்புதான். ‘அண்ணனையும் மதினியையும் வாடகைக் காரில் அனுப்பு, அந்த வண்டியை நம்பி ஏற்றாதே’ என்று சித்தப்பா தொலைபேசியில் தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தக் காரில்தான் அம்மா அப்பாவுடன் தாம்பரத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி, பொழுது சாயும் முன் ஊர் போய்ச் சேர்ந்தோம். எந்த நிறுவனத்துக்கும் பரிந்து எழுதுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே காரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வண்டி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை நீங்களே அளந்து பார்த்துவிட வேண்டும். விளம்பரத்தில் போடுகிற தூரம் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைப்பது. ஏசி போட்டுக்கொண்டு, நான்கு பேருடனும் பெட்டிகளுடனும் நெடுஞ்சாலையில் போகும்போது அது கிடைக்காது. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் காலையில் மதுராந்தகம் வரை போய்த் திரும்புங்கள்; போகும்போது 80 கிலோமீட்டர் வேகத்திலும் வரும்போது 100-லும் ஓட்டிப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களைத் திகைக்க வைக்கும். 40 யூனிட் பேட்டரி கொண்ட என் காரில் 80-ல் யூனிட்டுக்கு 8 கிலோமீட்டரும், 100-ல் 6 கிலோமீட்டரும்தான் கிடைத்தன.

இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். முழு சார்ஜில் கிளம்பி 80-ல் போனால் அங்கே 45 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்; 100-ல் போனால் 30 சதவீதம்கூட இருக்காது. அங்கே உள்ள சார்ஜர் பழுதாகிக் கிடந்தால் முதலாமவர் கவலையில்லாமல் இன்னும் 75 கிலோமீட்டர் போய்ப் பெரம்பலூரில் போட்டுக்கொள்வார். இரண்டாமவர் அதே வேகத்தில் போனால் பெரம்பலூர் எட்டாது. எனவே, எந்த இடத்தில் சார்ஜ் போடத் திட்டமிட்டாலும், அது இயங்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகும் அளவு மிச்சத்துடன் அங்கே போய்ச் சேருங்கள். சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் செயலியில் பச்சை நிறத்தில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த இடத்தில் கடைசியாகச் சார்ஜ் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே சார்ஜரில் இரண்டு கன் (காரில் செருகும் கைப்பிடி) இருந்தால், இரண்டும் ஓடும்போது அதன் 60 கிலோவாட் திறன் பல இடங்களில் முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் தாண்டினால் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் காத்திருப்பது வீண்.

திருச்சிக்கு முன்னால் ஓர் உணவகத்தில் நாங்கள் பார்த்த சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. ‘அது ரெண்டு நாளா ஓடலை சார்’ என்றார் காவலாளி. அப்பா அதன் பக்கவாட்டில் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டனைக் காட்டினார். அது உள்ளே அமுங்கியிருந்தது, யாரோ அழுத்திவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடி பட்டனை வலப்புறம் திருகியதும் அது வெளியே வந்தது. சற்று நேரத்தில் திரை உயிர் பெற்றது. மின்சாரக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் நீங்களாகத் திருகாதீர்கள். ஆனால் காவலாளியின் பேச்சைக் கேட்டு உடனே திரும்பியும் விடாதீர்கள்.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இளநீர்க் கடையில்கூட யுபிஐ-யில் பணம் கட்டிவிட்டுப் போகிற இந்த நாட்டில், சார்ஜருக்கு மட்டும் பெரும்பாலும் நிறுவனத்துக்கு ஒரு செயலி, செயலிக்கு ஒரு வாலட், அதில் முன்பணம் என்று வைத்திருப்பது என்ன நியாயம்? காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்குப் போடும் சார்ஜுக்கு 18 சதவீதம். இவை போதாதென்று, சார்ஜ் போடும் இடத்தில் டீசல் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் வேறு. உணவகத்தார் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே குறைந்தது மூன்று செயலிகளை வீட்டிலேயே நிறுவி, பணம் போட்டு, ஊருக்குள் ஒருமுறை சார்ஜ் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி-க்காகக் காத்திருப்பது பெரும் துன்பம்.

டீசல் காரில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லையே என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லைதான். ஆனால் மூட்டுவலி உள்ள என் அம்மாவுக்கு எந்தக் காராக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தாக வேண்டும்; சார்ஜ் ஏறிய நேரமெல்லாம் அந்த ஓய்வுக்குள் அடங்கிவிட்டது.

புது வண்டி என்பதால் இன்னும் சில. விற்பனைக்கு முன் யார்டில் நின்ற வண்டிகளின் டயரில் காற்று கூடுதலாக இருப்பது உண்டு. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். பல மின்சாரக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான் இருக்கும். டிக்கியைத் திறந்து எது இருக்கிறது என்று பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி பலவீனமாகியிருந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாது. டெலிவரியின்போதே அதைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கில் உங்கள் பதிவெண் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள்.

ஊரில் இறங்கிய பிறகு 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுவதும் போட்டால் பாதிக்கு மேல் ஏறிவிடும். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. எர்த் இல்லையென்றால் காருடன் வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எங்கள் வீட்டுப் பிளக்கை ஊர் எலக்ட்ரீஷியனை அழைத்து முன்கூட்டியே சரிசெய்து வைத்தவர் வேறு யாருமல்ல, அந்தச் சித்தப்பாதான். நீங்களும் கிளம்புவதற்கு முன் ஊருக்குப் பேசி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். டிவிக்குப் போடுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் எக்காரணம் கொண்டும் காரைச் செருகாதீர்கள்.