குடும்பப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் திருமணம், குடும்பம் குறித்து ஆறு பாடங்கள் நடத்தும்படி போதகர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் திருமணமாகாதவள். வகுப்பில் புதுமணத் தம்பதிகள், விதவைகள், கணவனைப் பிரிந்து வாழும் ஒரு பெண் எல்லோரும் இருக்கிறார்கள். முன்பு நடத்தியவர், மனைவிகளே, உங்கள் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற எபேசியர் 5:22-ல் தொடங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். ஆண்கள் தலையாட்டுவார்கள், பெண்கள் குனிந்து பைபிளைப் பார்ப்பார்கள். நான் எங்கிருந்து தொடங்க? எனக்கு இதற்குத் தகுதி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

தகுதிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். புதிய ஏற்பாட்டில் திருமணத்தைப் பற்றி மிக விரிவாகப் பேசுவது 1 கொரிந்தியர் 7. எல்லோரும் என்னைப்போல் தனியாக இருந்தால் நல்லது என்று அதே அதிகாரத்தில் சொல்லும் பவுல்தான் அதை எழுதியவர். யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், முகத்தில்தான் காட்டுவார்கள்.

எபேசியரை விட்டுவிட வேண்டியதில்லை. முதல் பாடமாக மட்டும் வேண்டாம். நடத்தும்போது 21-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. வசன எண்களைப் பவுல் போடவில்லை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் போட்டவை. மனைவியருக்கு மூன்று வசனங்களில் சொல்லி முடித்த பவுல், 25 முதல் அதிகாரத்தின் கடைசி வரை புருஷர்களை விடுவதாக இல்லை. அதுவும் சபைக்காக உயிரைக் கொடுத்த கிறிஸ்துவை அளவுகோலாக வைத்து! அந்தப் பகுதியை ஓர் ஆண் எழுந்து உரக்க வாசிக்கட்டும். தலையாட்டல் தானாக நின்றுவிடும்.

ஆனால் முதல் பாடம் தாவீது ராஜாவின் வீடாக இருக்கட்டும். 2 சாமுவேல் 13.

குடும்பப் பாடம் என்றாலே நாம் கட்டளைகளைத் தேடி ஓடுகிறோம். வேதத்தில் குடும்பங்களைப் பற்றிக் கட்டளைகளைவிடக் கதைகளே அதிகம். அவற்றில் ஒழுங்கான குடும்பத்தைக் காண்பது அரிது. தாவீதின் மூத்த மகன் அம்னோன், நோய்போல் நடித்து, வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரை வரவழைத்துக் கெடுக்கிறான். அவள் கதறிக்கொண்டு வருகிறாள். அவளுடைய உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் என்ன சொல்கிறான்? அவன் உன் சகோதரன், பேசாமலிரு, மனதில் வைத்துக்கொள்ளாதே. இன்றும் எத்தனையோ வீடுகளில் சொல்லப்படும் அதே வாக்கியம். தாவீது கேள்விப்பட்டான், மிகவும் கோபப்பட்டான். அவ்வளவுதான், 21-ஆம் வசனம் அங்கே முடிந்துவிடுகிறது. மகனைக் கூப்பிட்டான் என்றோ, மகளைப் போய்ப் பார்த்தான் என்றோ ஒரு சொல் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரு வரி கூடுதலாக உண்டு: அம்னோன் தலைப்பிள்ளை என்பதால் அவன் மனதை நோகடிக்கவில்லையாம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. இரண்டு அதிகாரங்களுக்கு முன்புதான் தன் படைவீரன் உரியாவின் மனைவியைத் தனக்கென்று அழைத்துவரச் சொன்னவன், மகனை எந்த முகத்தோடு கேட்பான்?

இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்லச் செய்கிறான். மூன்று வருடம் கேசூரில் தலைமறைவு. திரும்பி வந்தும் இரண்டு வருடம் ஒரே நகரத்தில் தகப்பன் முகம் பாராமல் இருக்கிறான். பிறகு கலகம், போர், அவன் சாவு. அப்போது தாவீது வாய்விட்டு அழுகிறான்.

வகுப்பில் ஒரே கேள்வி போதும்: செய்தி காதில் விழுந்த அன்றைக்குத் தாவீது என்ன செய்திருக்கவேண்டும்? கேட்டுவிட்டு நீங்கள் பேசாமலிருங்கள். அமைதி நீண்டாலும் பயப்படாதீர்கள். தாவீதின் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற தைரியத்தில் மக்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பாடம் இன்னது என்பதை முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். வர விரும்பாதவருக்கு வழி இருக்கவேண்டும். சிறுபிள்ளைகள் அறையில் வேண்டாம்.

பிரிந்து வாழும் அந்தச் சகோதரியைச் சாட்சி சொல்ல எழுப்பாதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். வகுப்பு முடிந்து ஒருத்தி வந்து, வீட்டில் அடி விழுகிறது என்று சொன்னால், கீழ்ப்படிதலைப் பற்றி வாயெடுக்காதீர்கள். அடுத்த வார ஜெபக் குறிப்பாகவும் அதை வாசித்துவிடாதீர்கள். முதலில் அவளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், வசனம் அதற்குப் பிறகு. மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காதவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிற 1 பேதுரு 3:7-ஐப் புருஷர்கள் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குணசாலியான மனைவியைப் பாடும் நீதிமொழிகள் 31:10-31-ஐ எடுத்தால், அந்த 22 வசனங்களும் எபிரெய எழுத்துகளின் வரிசையில் அமைந்த கவிதை என்று சொல்லிவிடுங்கள். அதை ஒரு பெண்ணின் தினசரி வேலைப்பட்டியலாக்கிக் களைத்துப்போன மனைவியர் ஏராளம்.

கடைசிப் பாடத்துக்கு, விதவையான ரூத்தின் புத்தகம். நான்கே அதிகாரம்தான், ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். அன்றைக்கு விதவைகளை முதலில் பேசவிடுங்கள்.

அன்புடன்.