கடலடி மீத்தேன் வெடித்தால் ராமேஸ்வரம் போய்விடுமா?

கேட்டவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். கடலுக்கு அடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் ஒருநாள் வெடித்து ராமேஸ்வரம் பக்கமெல்லாம் அழியும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? அதை எடுத்தால் சிலிண்டர் விலை குறையுமா?

ராமேஸ்வரத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். மீத்தேன் ஹைட்ரேட் என்பது நீர் மூலக்கூறுகள் கூண்டு மாதிரி கட்டி உள்ளே வாயுவை அடைத்து வைத்திருக்கும் ஒருவகைப் பனிக்கட்டி. அது நிலைக்கக் கடும் அழுத்தமும் குளிரும் வேண்டும். நம் பக்கத்து வெப்பக் கடலில் அதற்கு 500 மீட்டருக்கும் கீழே போக வேண்டும். பாம்பன் பாலத்துக்குக் கீழே ஓடும் கடலுக்கு அந்த ஆழம் ஏது?

இந்த வாயு உண்டாகும் விதம் எனக்கு வீட்டிலேயே பழக்கம். மேலூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் கோபர் கேஸ் தொட்டி ஓடுகிறது. காற்றுப் புகாத சாணக் கரைசலில் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். கடலடிச் சேற்றில் வேலை செய்வதும் அதே கூட்டத்தின் பங்காளிகள்தான். கிருஷ்ணாவும் கோதாவரியும் வண்டலோடு மட்கிய பொருளையும் கடலில் கொட்டுகின்றன. அது புதையப் புதைய ஆக்சிஜன் தீர்கிறது, பிறகு சல்பேட் தீர்கிறது, அதற்கப்புறம்தான் இவர்களின் ராஜ்ஜியம். (நம் வைகை இந்தக் கணக்கில் வராது. அது கடலைப் பார்ப்பதே அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தண்ணீர் தீர்ந்துவிடும்.) 2006-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் கலந்த களிமண் அடுக்கு கிடைத்தது.

சரி, அவ்வளவு வாயுவும் மேலே கிளம்பிவிடாதா? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. மீத்தேனை உண்டாக்குவதும் ஆர்க்கியா, தின்று தீர்ப்பதும் ஆர்க்கியா. சேற்றின் மேலடுக்கில் இன்னொரு வகை ஆர்க்கியா, சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவோடு கூட்டுச் சேர்ந்து, கசிந்து வரும் மீத்தேனில் பெரும்பகுதியைக் காலி செய்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றில் இந்த ஜோடியை நுண்ணோக்கியில் கண்டார்கள். இந்த வேலையில் உண்டாகும் கார்பனேட், கடலடியில் சுண்ணாம்புப் பாறையாகப் படிகிறது. கூடவே வரும் சல்பைடை நம்பி, வெயிலே எட்டாத இருட்டில் மட்டிகளும் குழாய்ப் புழுக்களும் வாழ்கின்றன. மெக்சிகோ வளைகுடாவின் குழாய்ப் புழுக்களில் சில இருநூறு வருடத்துக்கு மேல் உயிரோடு இருப்பவை. மிச்சம் தப்பிக்கும் குமிழிகளும் ஆழ்கடலில் பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடும்.

வெடிப்பு என்பதும் பொருந்தாது. தீப்பிடிக்கக் காற்றும் பொறியும் வேண்டும். போதாக்குறைக்கு ஹைட்ரேட் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும், வெளிவிடாது. கடல் சூடானால் கசிவு கூடும் என்ற கவலை நியாயமானது, ஆனால் அது மெதுவாக நடக்கும் சங்கதி.

நெடுவாசல், மன்னார்குடி விவகாரத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது நிலத்தடிப் பாறையிலும் நிலக்கரியிலும் இருக்கும் வாயு.

சிலிண்டர் விஷயம்: ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் 160 கன மீட்டருக்கு மேல் வாயு வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2013-இல் ஜப்பான் தன் நான்காய் கடற்பள்ளத்தில் எடுத்துப் பார்த்தபோது, கிணற்றுக்குள் மணல் புகுந்து ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போதைக்கு உங்கள் வீட்டு சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு மாடு இருந்தால் கோபர் கேஸ் போடுங்கள்.