பைப் வெடிச்சதுக்கு சீனியர் சிட்டிசன் டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு 67, வீட்டுக்காரம்மாவுக்கு 63. பிரைவேட் கம்பெனியில இருந்து ரிடையர் ஆனவன், பிஎஃப் பென்ஷன் மாசம் 3,200 வருது. 2023 ஜூன்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 30 லட்சம் போட்டேன். பேங்க்ல 12 லட்சம் ஒரே எஃப்டி, வட்டி அதுலயே சேர்ற மாதிரி. எஸ்பி அக்கவுன்ட்ல 40 ஆயிரம் தேறும். குரோம்பேட்டை பக்கம் 1993ல கட்டுன தனி வீடு, 1,100 சதுர அடி. மாசச் செலவு 24 ஆயிரம். போன மாசம் விடிகாலை அஞ்சு மணிக்கு பாத்ரூம் சுவத்துக்குள்ள பைப் வெடிச்சு ஹால் வரைக்கும் தண்ணி. பிளம்பர் பாத்ரூம் மொத்தத்தையும் உடைக்கணும்னுட்டார். டைல்ஸ், பைப் எல்லாம் 38 ஆயிரம், கடையில கிரெடிட் கார்டுல தேய்ச்சேன், மினிமம் மட்டும்தான் கட்டியிருக்கேன், கூலி தனி. அடுத்த வாரமே போர் மோட்டார் காயில் போச்சு. மாடியும் ஒழுகுது. பையன்கிட்ட கேக்க மனசு வரல. ஸ்கீமை உடைச்சு கொஞ்சம் கையில வச்சுக்கவா, இல்ல வீட்டையே வித்துட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போயிடவா?

பதில்: சார், ஸ்கீமைத் தொடாதீங்க. அதுல பாதி எடுக்குறதுங்கற பேச்சே கிடையாது, மூடுனா மொத்தமா மூடணும், ரெண்டு வருஷம் தாண்டிட்டதால போட்ட பணத்துல 1 சதவீதம் பிடிப்பாங்க, அதாவது 30 ஆயிரம் அங்கேயே போச்சு. 38 ஆயிரம் கடனுக்கு 30 ஆயிரம் தெண்டம் கட்டுவீங்களா? அதோட 2023 ஜூன்ல போட்டது 8.2 சதவீதம், 2028 வரைக்கும் அந்த ரேட் மாறாது.

முதல்ல அந்த கார்டு. இதை இந்த வாரமே முடிங்க. மாசம் 3.5 சதவீதம்னு வச்சா 38 ஆயிரத்துக்கு 1,330 ரூபா வட்டி, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் கிட்டத்தட்ட 1,570. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, பாக்கி நிக்கிற வரைக்கும் நீங்க அதே கார்டுல மளிகை வாங்குனாலும் வாங்குன நாள்ல இருந்தே வட்டி ஓடும். பேங்க்குக்குப் போய் உங்க எஃப்டி மேலயே ஓவர் டிராஃப்ட், அதாவது எஃப்டியை ஈடா வச்சு தேவையான அளவு எடுத்துக்குற கடன் கேளுங்க, எஃப்டியை உடைக்க வேண்டியதில்ல. வழக்கமா எஃப்டி வட்டிக்கு மேல ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கூட வாங்குவாங்க, 9 சதவீதம்னே போட்டாலும் மாசம் 285 ரூபா. 1,570 எங்க, 285 எங்க. ஆறு ஒன்பது மாசத்துல அடைச்சுடலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்ககிட்ட 42 லட்சம் இருக்கு, ஆனா விடிகாலை அஞ்சு மணிக்கு எடுக்கக்கூடியது வெறும் 40 ஆயிரம். பணம் பத்தலைங்கறதை விட, இருக்குற பணம் எல்லாம் பெரிய பெரிய பாறாங்கல்லா கிடக்குதுங்கறதுதான் உங்க பிரச்சனை. அந்த 12 லட்சம் எஃப்டி முதிர்ற அன்னைக்கு ரெண்டு ரெண்டு லட்சமா ஆறாப் பிரிச்சுப் போடுங்க, அவசரத்துக்கு ஒண்ணை உடைச்சா மத்த அஞ்சுக்கும் ஒண்ணும் ஆகாது. பிரிக்கும்போது ஒரு பேங்க்ல ரெண்டுக்கு மேல வைக்காம மத்ததை வேற வேற பேங்க்ல போடுங்க, டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு பேங்க்குக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைக்கும்தான். ஒரு ரெண்டு லட்சம் மட்டும் எஸ்பி அக்கவுன்ட்டோட சேர்ந்த ஸ்வீப் டெபாசிட்டா இருக்கட்டும், ஏடிஎம்ல போய் எடுத்தாலே தேவையான அளவு மட்டும் தானா உடைஞ்சு வரும். 2028ல ஸ்கீம் முதிரும்போதும் 30 லட்சத்தை ஒரே கணக்கா போடாம மூணு பத்தா போடுங்க, மொத்தத்துல லிமிட் தாண்டக்கூடாதுங்கறதுதான் ரூல்.

அடுத்தது, இதெல்லாம் எதிர்பாராத செலவுன்னு நினைக்கிறீங்க பாருங்க, அது இல்ல சார். 1993ல போட்டது ஜிஐ பைப்பாத்தான் (துத்தநாகம் பூசுன இரும்புக் குழாய்) இருக்கும், உங்க பக்கத்து உப்புத் தண்ணிக்கு அது இத்தனை வருஷம் தாங்குனதே பெரிசு. வெட்டி எடுத்த துண்டைப் பாத்திருப்பீங்களே, வெளியில நல்லா இருக்கும், உள்ள துருவும் உப்பும் அடைச்சு சுண்டுவிரல் கூட நுழையாது. வருஷா வருஷம் வீட்டு மதிப்புல 1 சதவீதம் ரிப்பேருக்கு ஒதுக்குன்னு வெளிநாட்டுல ஒரு கணக்கு சொல்வாங்க, அது நமக்கு ஒத்து வராது, இங்க வீட்டு விலையில பாதிக்கு மேல மண்ணு விலை, மண்ணுல பைப் வெடிக்காது. கட்டடத்தை மட்டும் எடுங்க. 1,100 சதுர அடி, இன்னைக்குக் கட்டுனா அடிக்கு 2,200ன்னு வச்சா 24 லட்சம், முப்பது வருஷத்துக்கு மேல ஆன வீடுங்கறதால 2 சதவீதம் போடுங்க, வருஷம் 48 ஆயிரம், மாசம் நாலாயிரம். இதை கரண்ட் பில்லு மாதிரி ஒரு பில்லுன்னு வச்சுக்குங்க. சில வருஷம் செலவே ஆகாது, அப்ப அந்தப் பணத்தை எடுத்து டூர் போயிடாதீங்க, அடுத்த வருஷம் மாடிக்கு வேணும்.

நாலாயிரத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஸ்கீம்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 வருது, மாசத்துக்கு 20,500, பென்ஷன் சேத்தா 23,700, செலவு 24 ஆயிரம், சரியா இழுபறி. அதனால எஃப்டியைப் பிரிக்கும்போது வட்டி கைக்கு வர்ற மாதிரி மாத்துங்க. 7 சதவீதம்னு வச்சா மாசம் ஏழாயிரம், ஆக 30,700. வீட்டுக்கு நாலாயிரம் போனாலும் 26,700 நிக்கும். முதல் வளராதேன்னு மனசு அடிச்சுக்கும், நியாயம்தான், ஆனா இப்ப நீங்க ஒரு பக்கம் 7 சதவீதத்துக்கு சேர்த்துக்கிட்டு இன்னொரு பக்கம் கார்டுக்கு வருஷம் 40 சதவீதத்துக்கு மேல கட்டிக்கிட்டு இருக்கீங்க. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஒண்ணாந்தேதி வாக்குல ஸ்கீம் வட்டி விழுந்ததும் 12 ஆயிரம் அந்த ஸ்வீப் கணக்குக்குப் போயிடணும், கேள்வியே கிடையாது.

இன்சூரன்ஸ் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி தர்றாங்க, அதுல தீ, புயல், வெள்ளத்தோட தண்ணி டேங்க், பைப் வெடிச்சு ஆகுற சேதமும் வரும். ஆனா வயசாகி தேஞ்சது, மாசக்கணக்கா கசிஞ்சது எல்லாம் அதுல வராது, மோட்டார் காயிலுக்கும் கிடைக்காது. வெள்ளத்துக்காக வாங்குங்க, பிளம்பர் பில்லுக்காக வாங்காதீங்க.

வீட்டை விக்கிறது... வயசானா மாடிப்படி, தனிமைன்னு காரணம் இருந்தா தாராளமா யோசிக்கலாம். பைப்புக்காக விக்காதீங்க. புது இடத்துல பத்திரச் செலவே லட்சக்கணக்குல போகும், மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டணும், மேல் வீட்டு பாத்ரூம் உங்க சீலிங்ல ஒழுகும், அவர் சரி பண்ண மாட்டார்.

ஒரு சொந்தக் கதை. எங்கப்பா வீட்டுல இதே மாதிரி பைப் வெடிச்சப்ப மாடி டேங்க்கோட கேட் வால்வை மூட ஏறுனோம், பதினஞ்சு வருஷமா யாரும் தொடாத வால்வு, சக்கரம் அப்படியே கையோட கழண்டு வந்துடுச்சு. ஆயிரம் லிட்டரும் ஹால்ல இறங்குற வரைக்கும் நின்னு வேடிக்கை பாத்தோம். தண்ணியில நின்னுக்கிட்டே வந்த ஆள்கிட்ட எல்லாத்துக்கும் சரி சரின்னு சொன்னார் அப்பா, பில்லு அப்படித்தான் ஏறுச்சு. உங்களுக்கும் அதேதான் நடந்திருக்கு. அந்த நேரத்துல தண்ணியை நிறுத்துறது மட்டும்தான் வேலை, அதுக்கு ஐநூறோ ஆயிரமோ கொடுத்து அனுப்பிடுங்க. பாத்ரூமை உடைக்கணுமா வேணாமான்னு ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க. பழைய லைனை சுவத்துக்குள்ளயே சாகவிட்டு வெளிச்சுவர்ல புது பிளாஸ்டிக் பைப் ஓப்பனா ஓட்டியிருந்தா ஒரு டைல்ஸ் கூட உடைஞ்சிருக்காது. பாக்க அழகா இருக்காது, யாரு பாக்கப் போறா. கிச்சன் லைனும் அதே வயசுதான், வெடிக்கிற வரைக்கும் காத்திருக்காம இதே மாதிரி மாத்திடுங்க.

மோட்டார் ஏற்கனவே ஒரு தடவை காயில் கட்டுனதுன்னா மறுபடி கட்டாதீங்க, புதுசு வாங்குங்க. மாடி வேலையை சித்திரை வைகாசி வெயில்ல பண்ணுங்க, ஐப்பசியில ஆளும் கிடைக்காது, கிடைச்சாலும் ஈரத்துல எதைப் பூசுனாலும் நிக்காது. அதுவரைக்கும் மழைத்தண்ணி போற குழாய் வாயில இலை அடைக்காமப் பாத்துக்கிட்டா பாதி ஒழுகல் நிக்கும்.

பையன்கிட்ட பணம் கேக்க வேணாம், ஆனா எந்த பேங்க்ல எது இருக்குன்னு ஒரு வாட்ஸ்அப் அனுப்பி வச்சிடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போய் டேங்க் வால்வை ஒரு தடவை மூடித் தொறந்து பாருங்க, எது கிச்சன் எது பாத்ரூம்னு பெயின்ட்ல எழுதி வைங்க. இறுகிக் கிடந்தா பிளம்பரைக் கூப்பிட்டு கீழ கை எட்டுற உயரத்துல ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்புனாலே மூடுற வால்வு) போடச் சொல்லுங்க, 67 வயசுல விடிகாலை இருட்டுல இரும்பு ஏணி ஏற வேணாம்.