பழைய எஃப்-150 வாங்குவதென்றால் ஆறு சிலிண்டரா, வி8 எஞ்சினா?

1994ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் ஒன்று விலைக்கு வருகிறது, வார இறுதிகளில் மண்ணும் மரமும் ஏற்ற வேண்டும், 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் போதுமா, எட்டு சிலிண்டர் வி8தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஆறு சிலிண்டரை எடுங்கள். டெக்சாஸில் பதினோரு ஆண்டுகளாக அதே எஞ்சினைத்தான் ஓட்டுகிறேன்.

அந்த வண்டிக்கு 4.9 ஆறு, 5.0 வி8, 5.8 வி8 என மூன்று எஞ்சின்கள் வந்தன. குதிரைத்திறனில் 4.9தான் கடைசி, சுமார் 150. ஆனால் சுமை இழுப்பவர் பார்க்க வேண்டியது முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலத்தை. ஏறத்தாழ 260 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 5.0 தருவது அதைவிடச் சற்றே அதிகம், அதற்கும் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிட வேண்டும். ஈர மண் நிரம்பிய ட்ரெய்லரைப் பூட்டி, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டால், ஆக்ஸிலரேட்டரில் கால் படாமலே என் வண்டி நகரத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது.

1965 முதல் 1996 வரை ஃபோர்டு டிரக்குகளில் இந்த எஞ்சின் நிலைத்ததற்குக் காரணம் அதன் உடல்வாகு. எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க, ஆறு சிலிண்டருக்கு ஏழு மெயின் பேரிங். அந்த வி8களில் எட்டு சிலிண்டருக்கு ஐந்துதான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றச் செயினோ பெல்ட்டோ கிடையாது, பல்சக்கரத்தைப் பல்சக்கரமே நேராகத் திருப்புகிறது.

எரிபொருள் மிச்சமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு காலனுக்கு 15, 16 மைல்தான். கனத்த ட்ரெய்லரோடு மலைச்சாலையில் வேகமாக ஏற வேண்டியவர் 5.8 பார்க்கலாம்.

பணம் கொடுக்கும் முன், ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியே தெரியும் 17 இலக்க வண்டி எண்ணைப் படியுங்கள். எட்டாவது இடத்தில் ஆங்கில எழுத்து 'ஒய்' இருந்தால் 4.9, 'என்' என்றால் 5.0, 'எச்' என்றால் 5.8. நான் முதலில் பார்க்கப்போன வண்டியை 5.8 என்றார்கள். அங்கே இருந்ததோ 'என்'. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஐந்து கியர் மேனுவல் என்றால் வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸின் மேல்பகுதியில், பின்பக்கம், மூன்று ரப்பர் அடைப்பான்கள் உண்டு. அவை காய்ந்துபோனால் எண்ணெய் கசிந்து கியர்பாக்ஸ் வறண்டுவிடும். அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள். பிசுக்கு ஒட்டினால், எண்ணெய் அளவைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.